பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கமும் ஒரே வண்டா? எப்போது பிரிந்தது, எங்கிருந்து வந்தது?

#1 சோலைநடை (கொழிஞ்சாம்பாறை)

கணவாய்க்குத் தெற்கே, நெல்லியாம்பதியில் ஓர் ஏலத்தோட்டத்து ஓரம், மட்கிய மரக்கட்டைக்கு அடியில் கிடைத்த கருப்பு வண்டைப் பற்றிக் கேட்கிறேன். கட்டைவிரல் நக நீளம்தான் இருக்கும். முதுகு ஓடுகள் இரண்டும் நடுவில் ஒட்டிப்போயிருக்கின்றன, ஊசியால் நெம்பியும் பிரியவில்லை. ஓட்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே பறக்கும் இறக்கையே கிடையாது. கணவாய்க்கு வடக்கே, அட்டப்பாடியில் மாமா நிலத்தின் மேல் எல்லையில், காட்டை ஒட்டிய இடத்தில், அச்சு அசலாக அதே வண்டு. அங்கே கிடைத்ததற்கு முதுகு வரிகள் கொஞ்சம் ஆழம், தோள் கொஞ்சம் குறுகல். இரண்டுமே செத்துக் கிடந்தவை, தனியார் நிலத்தில் எடுத்தவை.

நடுவில் இருப்பது நாம் குடியிருக்கும் சமவெளி: கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம், வாளையார். பங்குனி, சித்திரையில் இங்கே அடிக்கிற வெயில் எல்லோருக்கும் தெரியும். காட்டு ஈரத்தை விட்டு வெளியே வராத, பறக்கவும் முடியாத ஒரு வண்டு இந்த 30, 40 கிலோமீட்டரை எப்படிக் கடந்தது? கடக்கவே இல்லை என்றால் இரண்டு பக்கமும் எப்படி இருக்கிறது? ஒரே இனமா, இரண்டா? எந்தப் பக்கத்தது மூத்தது? இதையெல்லாம் கண்டுபிடிக்க முறை உண்டு என்று மட்டும் தெரியும். விவரம் தெரிந்தவர்கள் நேரம் எடுத்து எழுதினால் நன்றாக இருக்கும்.

#2 தென்னந்தோப்பு (கோபாலபுரம்)

தம்பி, நல்ல கேள்விங்க. எனக்கும் ஒரு சந்தேகம். எங்க தோப்பு பொள்ளாச்சிப் பக்கம், என் மச்சான் தோப்பு சித்தூர்ப் பக்கம். இரண்டு இடத்திலும் காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைகிறது. அங்கே கொம்பன் செல்லி என்கிறார்கள், அவ்வளவுதான். சிவப்புக் கூன்வண்டும் அப்படியே. பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லைங்க. அப்படி இருக்கும்போது உங்க கருப்பு வண்டு மட்டும் இரண்டாகப் பிரிந்திருக்கும் என்று எதை வைத்துச் சொல்வது?

#3 பூச்சிப்பெட்டி (சித்தூர்)

கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். வண்டுகள் மேல் உள்ள பற்று மட்டும் ஓய்வு பெறவில்லை. முதலில் சோலைநடைக்கு ஒரு வேலை. அந்த வண்டு எந்தக் குடும்பம் என்று தெரியாமல் மேலே போவது வீண். தரையில் திரியும் கருப்பு வண்டுகளில் இரண்டு குடும்பங்கள் எல்லோரையும் குழப்பும். ஒன்று கராபிட், வேட்டையாடும் நிலவண்டு. மற்றொன்று டெனிப்ரியானிட், மட்கியதையும் பூஞ்சையையும் தின்பது. கைலென்ஸில் பாதக் கணுக்களை எண்ணுங்கள். முன்கால், நடுக்கால், பின்கால் என்ற வரிசையில் 5-5-5 என்றால் கராபிட்டாக இருக்கலாம். 5-5-4 என்றால் பெரும்பாலும் டெனிப்ரியானிட். உணர்கொம்பின் அடி ஒரு விளிம்புக்குக் கீழே மறைந்திருந்தால் அது இரண்டாவதற்கு இன்னொரு சாட்சி.

தோப்பு அண்ணா கேட்டதற்கு விடை இறக்கையில் இருக்கிறது. காண்டாமிருக வண்டு பறக்கும், எருக்குழி கண்ட இடத்தில் முட்டை வைக்கும், எரு லாரியில் ஏறிப் போகும். தென்னை இருக்கும் இடமெல்லாம் அதற்கு வீடு. கணவாய்ச் சமவெளி முழுக்கத் தென்னை என்பதால் அதற்குக் கணவாய் என்று ஒன்று இல்லவே இல்லை. சோலைக்காட்டுச் சருகில் நடந்து வாழும் வண்டுக்குத்தான் அது தடை.

இதையே திருப்பியும் பார்க்க வேண்டும். பொன்வண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேலமரமும் வறண்ட புதரும் அதன் உலகம். கோயம்புத்தூர்ப் பக்கத்து வறள்நில உயிர்கள் கேரளத்துக்குள் நுழைய மலையில் இருக்கும் பெரிய திறப்பு இந்தக் கணவாய்தான். அவற்றுக்கு நீலகிரியும் ஆனைமலையும்தான் சுவர்கள். ஆகவே "பாலக்காட்டுக் கணவாய் உயிர்களைப் பிரிக்கிறதா" என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. எந்த உயிர் என்று சொன்ன பிறகுதான் கேள்விக்கே அர்த்தம் வரும்.

இறக்கை இழப்பு சின்ன விஷயம் இல்லை. மதீராத் தீவில் அப்போது தெரிந்திருந்த 550 வண்டு இனங்களில் 200 இனங்களால் பறக்க முடியாது என்று பூச்சியியலாளர் வுல்லாஸ்டன் கண்டதை டார்வின் 1859-லேயே எடுத்துச் சொல்லியிருக்கிறார். 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர் இக்கேடாவும் கூட்டாளிகளும் பிணந்தின்னி வண்டுகளில் ஆராய்ந்து, பறக்கும் திறனை இழந்த கிளைகளில் வட்டாரத்துக்கு வட்டாரம் மரபணு வேறுபாடு கூடுகிறது, புது இனங்களும் வேகமாகப் பிரிகின்றன என்று காட்டினார்கள். ஒட்டிய ஓட்டைப் பார்த்ததும் எனக்கு ஆர்வம் கூடியதற்கு இதுதான் காரணம்.

#4 கருங்கல் (வாளையார்)

மண்ணியல் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். கணவாய்க்கு வடக்கே தொட்டபெட்டா 2637 மீட்டர், தெற்கே ஆனைமுடி 2695 மீட்டர். நடுவில் கணவாயின் தரை பல இடங்களில் 300 மீட்டரைக்கூடத் தாண்டாது. இந்தப் பள்ளத்துக்கு அடியில் பழைய பாறைப் பிளவு மண்டலம் ஒன்று கிழக்கு மேற்காக ஓடுகிறது. அது கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுகூடிய காலத்திலேயே, ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, நொறுங்கி நகர்ந்த இடம். மடகாஸ்கர் நம்மை விட்டுப் பிரிந்ததே சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். இன்றைக்கு இருக்கும் எந்த வண்டு இனத்தை எடுத்தாலும் பிளவு மண்டலம் அதைவிட மிக மூத்தது.

அதனால் "மலை பிளந்தது, வண்டும் இரண்டாகப் பிரிந்தது" என்று நேராகச் சொல்லிவிட முடியாது. பள்ளம் முன்பே இருந்தது. பள்ளத்தின் மேல் என்ன வளர்ந்தது என்பதுதான் மாறிக்கொண்டே இருந்தது.

#5 பூச்சிப்பெட்டி (சித்தூர்)

கருங்கல் சார் முடித்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணவாயின் தரையில் ஒரு காலத்தில் ஈரக்காடு இருந்திருக்கலாம், இன்னொரு காலத்தில் புல்லும் முள்ளும் இருந்திருக்கலாம். நீலகிரியின் உச்சிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணில் உள்ள கார்பன் ஐசோடோப்புகளை (புல் வளர்ந்ததா மரம் வளர்ந்ததா என்று காட்டும் கார்பன் வகைகளை) சுகுமார், ரமேஷ் முதலானவர்கள் அளந்து 1993-இல் வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகெங்கும் பனி உச்சத்தில் இருந்தபோது, நீலகிரி வறண்டு புல்வெளி பரந்திருந்தது என்று அந்தக் கரிமண் சொல்கிறது. பிறகு ஈரம் வந்தது, மறுபடி மாறியது. மலை உச்சிக்கே இந்த நிலை என்றால், கீழே கணவாயில் காடு எத்தனை முறை இறங்கி வந்து எத்தனை முறை பின்வாங்கியிருக்கும் என்று யோசியுங்கள்.

இப்போது உங்கள் வண்டுக்கு இரண்டு கதைகள் சாத்தியம்.

முதல் கதை: ஓர் ஈரமான காலத்தில் காடு கணவாயைக் கடந்து தொடர்ந்து இருந்தது. வண்டு இரு பக்கமும் ஒரே கூட்டமாக வாழ்ந்தது. பிறகு வறட்சி வந்து நடுக்காடு மறைந்தது. வடக்கே இருந்தவை வடக்கிலும் தெற்கே இருந்தவை தெற்கிலும் நின்றுவிட்டன. இந்தக் கதையில் எந்தப் பக்கமும் தாய், எந்தப் பக்கமும் சேய் கிடையாது. இரண்டும் உடன்பிறப்புகள்.

இரண்டாம் கதை: வண்டு ஒரு பக்கத்தில்தான் வெகுகாலம் இருந்தது. ஏதோ ஒரு நல்ல காலத்தில் சில வண்டுகள் மறுபக்கம் போய்ச் சேர்ந்தன. அங்கே இருப்பவை எல்லாம் அந்தச் சிலவற்றின் வாரிசுகள்.

இரண்டு கதையும் டிஎன்ஏ-யில் வெவ்வேறு தடம் விடும். செல்லுக்கு ஆற்றல் தரும் சிறு உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏ உண்டு. அதில் பார்கோடு பகுதி என்று 658 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு உண்டு. எல்லா வண்டிலிருந்தும் அதைப் படித்து வம்ச மரம் வரைவார்கள். முதல் கதை உண்மையானால் வடக்கு வண்டுகள் எல்லாம் ஒரு கிளை, தெற்கு வண்டுகள் எல்லாம் இன்னொரு கிளை என்று அடியிலேயே பிரியும். இரண்டாம் கதை அண்மையில் நடந்தது என்றால், சேய்ப் பக்கத்து வண்டுகள் எல்லாம் தாய்ப் பக்கத்துக் கிளைகளுக்கு நடுவில் ஒரு சின்னக் கிளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். சேய்ப் பக்கத்தில் வகைகளும் குறைவாக இருக்கும், சிலவற்றிலிருந்து பெருகியதுதானே.

அந்த மரத்துக்கு வேர் எது என்று தெரிய, நெருங்கிய ஆனால் வேறான உறவு இனம் ஒன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மரம் எந்தத் திசையில் வளர்ந்தது என்றே சொல்ல முடியாது. நிறையப் பேர் விட்டுவிடும் இடம் இது.

இன்னொன்று, இரண்டு இடத்து வண்டை மட்டும் வைத்து இதைச் செய்யக் கூடாது. அட்டப்பாடி வண்டு வயநாட்டு வண்டுக்கு நெருக்கமா, நெல்லியாம்பதி வண்டு வால்பாறை, மூணாறு வண்டுக்கு நெருக்கமா என்று தெரிய வேண்டும். குடகு, வயநாடு, நீலகிரி, ஆனைமலை, பழனிமலை, பெரியாறு, அகத்தியமலை என்று வரிசை நீள வேண்டும்.

காலக்கணக்கு. டிஎன்ஏ மாற்றங்கள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சேர்கின்றன என்று வைத்துக்கொண்டு பிரிந்த காலத்தைக் கணிப்பார்கள். பூச்சிகளுக்கு ப்ரோவர் 1994-இல் சொன்ன வேகம் 10 லட்சம் ஆண்டுக்கு 2.3 சதவீத வேறுபாடு. 2010-இல் பாப்படோபுலோ, அனஸ்தாசியூ, வோக்லர் மூவரும் கிரேக்கத்தின் ஏஜியன் கடல் தீவுகளில் வாழும் டெனிப்ரியானிட் வண்டுகளை வைத்து அதைத் திருத்தினார்கள். அங்கே 90 லட்சம் முதல் 120 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிலம் பிளந்து நடுவே கடல் புகுந்தது. அந்தத் தேதி தெரியும் என்பதால் வேகத்தையும் கணக்கிட முடிந்தது. பார்கோடு மரபணுவுக்கு 3.54 சதவீதம் என்று வந்தது.

ஒரு பேச்சுக்கு, உங்கள் இரண்டு வண்டுக்கும் 7 சதவீதம் வேறுபாடு என்று வைத்துக்கொள்வோம். 658 எழுத்தில் 46 எழுத்து மாறியிருக்கிறது என்று அர்த்தம். பழைய வேகத்தில் கணக்கிட்டால் 30 லட்சம் ஆண்டு. புது வேகத்தில் 20 லட்சம் ஆண்டு. இதே 7 சதவீதத்துக்கு இவ்வளவு வித்தியாசம் வரும்போது, ஒற்றை எண்ணைச் சொல்லி இத்தனாம் ஆண்டில் பிரிந்தது என்று எழுதுவோரை நம்பாதீர்கள். ஆனால் இரண்டு விடையுமே சார் சொன்ன 55 கோடிக்குக் கிட்டவே போகவில்லை, பாருங்கள். பிளவுதான் வண்டைப் பிரித்தது என்று சொல்ல இடமே இல்லாமல் போகும்.

#6 சோலைநடை (கொழிஞ்சாம்பாறை)

டீச்சர், இதை நான் பலமுறை படிப்பேன். நன்றி. வேறு உயிர்களில் இதே கணவாயில் பார்த்திருக்கிறார்களா?

#7 மரபணுமேசை (கோவை)

ஆய்வு மாணவன். நிறையப் பார்த்திருக்கிறார்கள் அண்ணா. யானையில் 2005-இல் வித்யா, சுகுமார் முதலானோர் செய்த ஆய்வில், கணவாய்க்கு வடக்கே நீலகிரி யானைகளும் தெற்கே ஆனைமலை, பெரியாறு யானைகளும் மரபணுவில் வேறுபட்டு நிற்பது தெரிந்தது. அவ்வளவு தூரம் நடக்கிற யானைக்கே அப்படி. சோலைக்காட்டில் தரையை ஒட்டித் திரியும் சோலைக்கிளி எனும் சிறு பறவையில் ராபின், சின்ஹா, உமா ராமகிருஷ்ணன் 2010-இல் கண்டது இன்னும் ஆழமான பிரிவு. வடக்கே இருப்பதும் தெற்கே இருப்பதும் இப்போது தனித்தனி இனங்கள்.

டீச்சர் சொன்னதோடு மூன்று எச்சரிக்கைகள் சேர்க்க வேண்டும். இவற்றை விட்டால் முடிவே மாறிப்போகும்.

முதலாவது வெறும் தூரம். தடை எதுவும் இல்லாவிட்டாலும், மெல்ல நகரும் உயிரில் 40 கிலோமீட்டர் தள்ளி இருப்பவை கொஞ்சம் வேறுபட்டுத்தான் இருக்கும். அதனால் கணவாய்க்கு ஒரே பக்கத்தில், தொடர்ந்த காட்டுக்குள், அதே 40 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு இடத்து வண்டுகளையும் எடுக்க வேண்டும். அவற்றுக்குள் இருக்கும் வேறுபாட்டைவிடக் கணவாய் தாண்டிய வேறுபாடு தெளிவாகக் கூடுதலாக இருந்தால்தான் கணவாயைக் காரணம் சொல்லலாம்.

இரண்டாவது மைட்டோகாண்ட்ரியா. அது தாய் வழியில் மட்டும் வரும். பூச்சிகளின் உடம்பில் வொல்பாகியா என்று ஒரு பாக்டீரியா வாழும், அதுவும் தாய் வழியில்தான் கடக்கும். அது ஒரு கூட்டத்தில் பரவும்போது தன்னோடு சேர்ந்த மைட்டோகாண்ட்ரியா வகையையும் பரப்பிவிடும். அப்போது உண்மையில் வெகுகாலம் பிரிந்திருந்த கூட்டங்கள் ஒன்றாகத் தெரியலாம், ஒரே கூட்டம் இரண்டாகவும் தெரியலாம். இதோடு மைட்டோகாண்ட்ரியத் துண்டுகளின் பழைய நகல்கள் செல்லின் உட்கருவில் ஒட்டிக் கிடக்கும். கவனிக்காமல் நகலைப் படித்துவிட்டால் இல்லாத இனம் ஒன்று முளைக்கும். ஆகவே உட்கரு மரபணுக்களும் வேண்டும். இன்றைக்கு ஜீனோம், அதாவது மொத்த டிஎன்ஏ, முழுவதிலும் ஆயிரக்கணக்கான இடங்களைப் படிக்கும் முறை வந்துவிட்டது. ஒற்றை மரபணுவை வைத்து முடிவு சொன்ன காலம் போய்விட்டது.

மூன்றாவது, வகைகள் அதிகம் உள்ள இடம்தான் பிறந்த இடம் என்ற நினைப்பு. அது சில நேரம் சரி, சில நேரம் சரியில்லை. இதைத் தனியாக எழுதுகிறேன், இப்போது ஆய்வகத்துக்குப் போக வேண்டும்.

#8 ரப்பர்க்காடு (குலசேகரம்)

குமரியிலிருந்து. எங்கள் பக்கம் கோடைமழை விழுந்ததும் ரப்பர்த் தோட்டத்து வீடுகளுக்குள் கருப்பாகக் கூட்டம் கூட்டமாக வண்டு புகும். கேரளத்தில் முப்ளி வண்டு என்பார்கள். விளக்கைப் போட்டால் போதும், கூரை முழுக்க. கசக்கினால் நாற்றம், தோலில் பட்டால் எரிச்சல். குழந்தை இருக்கும் வீடுகளில் பெரிய தொல்லை. அதுவும் மலைக்கு மலை பிரிந்ததா?

#9 பூச்சிப்பெட்டி (சித்தூர்)

அது லுப்ராப்ஸ் டிரிஸ்டிஸ், டெனிப்ரியானிட் குடும்பம்தான். ஃபப்ரீஷியஸ் 1801-இல் பெயர் வைத்தார். வாடி விழுந்த ரப்பர் இலைதான் அதற்கு விருப்பமான தீனி. கோழிக்கோட்டில் சாபு தாமஸும் மாணவர்களும் அதன் வாழ்க்கையை விரிவாக எழுதியிருக்கிறார்கள். ரப்பர் வாசனைக்காக அது வீட்டுக்கு வருவதில்லை, வருடத்தின் பெரும்பகுதியை ஓய்வில் கழிக்க உலர்ந்த மறைவிடம் தேடி வருகிறது.

குடும்பம் ஒன்றானாலும் வாழ்வு வேறு. இது பறக்கும். கேரளத்தில் 1902-இல் தொடங்கிய ரப்பர்ப் பயிர் இன்று குமரியிலிருந்து வடக்கே வெகுதூரம் சங்கிலியாக நிற்கிறது. முன்பு சிதறிக் கிடந்த வண்டுக் கூட்டங்களை நூறே ஆண்டில் மனிதன் ஒன்றாகக் கலந்துவிட்டிருக்க வாய்ப்பு அதிகம். பழைய பிரிவின் தடம் இருந்திருந்தாலும் அழிந்துகொண்டிருக்கும். சோலைநடையின் வண்டு போன்றவற்றைத் தாமதிக்காமல் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். கணவாய் நெடுக இன்று மண்ணும் எருவும் நாற்றுகளும் லாரியில் போகின்றன. ஒரு நாற்றுப் பையின் மண்ணில் ஒரு கர்ப்பிணி வண்டு போனால் போதும், லட்சக்கணக்கான ஆண்டுக் கணக்கு குழம்பிவிடும்.

#10 தென்னந்தோப்பு (கோபாலபுரம்)

டீச்சர், லாரி என்றதும் கேட்கணும்னு தோணுச்சு. எங்க காண்டாமிருக வண்டு எங்கேயிருந்து வந்ததுங்க? வெளிநாட்டுப் பூச்சியா? கூன்வண்டு எப்படி?

#11 பூச்சிப்பெட்டி (சித்தூர்)

இரண்டும் நம் பக்கத்துப் பூச்சிகள்தான் அண்ணா, தெற்காசியாவும் தென்கிழக்காசியாவும் அவற்றின் சொந்த ஊர். வெளியே போன கதைதான் பாடம்.

1909-இல் இலங்கையிலிருந்து ரப்பர் நாற்றுகளோடு காண்டாமிருக வண்டு சமோவாத் தீவுக்குப் போனது. பசிபிக் தீவுகளின் தென்னைகளை அழித்தது. 1963-இல் ஹூகர் என்ற ஜெர்மானியர் மலேசியாவில் அந்த வண்டைக் கொல்லும் வைரஸைக் கண்டுபிடித்தார். தீவு தீவாக அதை விட்டு வண்டை அடக்கினார்கள். நம் லட்சத்தீவின் மினிக்காயிலும் 1980-களில் விட்டார்கள். எல்லாம் அடங்கியிருந்தது. 2007-இல் குவாம் தீவில் வண்டு தோன்றியது. வைரஸ் விட்டார்கள், அடங்கவில்லை. பிறகு ஹவாய், சாலமன் தீவுகள் என்று பரவியது. டிஎன்ஏ பார்த்த பிறகுதான் புரிந்தது, குவாமில் இருப்பது சமோவா வழி வந்த பழைய கூட்டம் இல்லை, ஆசியாவிலிருந்து புதிதாகப் போன வேறு வகை. மார்ஷலும் மற்றவர்களும் 2017-இல் இதை வெளியிட்டார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எந்தக் கூட்டத்திலிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் எந்த வைரஸ் வேலை செய்யும் என்று தேட முடியும்.

கூன்வண்டில் இதற்கு எதிர்மாறாக நடந்தது. இந்தோனேசியப் பக்கத்தில் கருப்பில் சிவப்புக் கோடு போட்ட கூன்வண்டு ஒன்று உண்டு. நிறத்தை வைத்து அதைத் தனி இனம் என்றார்கள். 2004-இல் இரண்டும் ஒரே இனம்தான் என்று சேர்த்தார்கள். 2010-இல் கலிபோர்னியாவின் லகூனா கடற்கரையில் கூன்வண்டு கண்டதும் உலகமே பயந்த சிவப்புக் கூன்வண்டு வந்துவிட்டது என்று பதறினார்கள். ரக்மன்-ஜோன்ஸ் குழு 2013-இல் பல நாட்டு வண்டுகளை மரபணு பார்த்து, இவை உண்மையிலேயே இரண்டு இனங்கள், கலிபோர்னியாவுக்கு வந்தது இந்தோனேசிய இனம் என்று நிறுவியது. நிறம் மட்டும் போதாது என்பதும் சரி, நிறம் குழப்புகிறது என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்ப்பதும் கூடாது என்பதும் சரி.

#12 புளியரை (செங்கோட்டை)

நாங்கள் செங்கோட்டைக் கணவாய்க்காரர்கள். ஆரியங்காவு வழியாகப் போகும் ரயிலை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்கள் கணவாய் பாலக்காட்டைவிட மிகக் குறுகல், ஆனால் அதன் தெற்கே அகத்தியமலை தனி உலகம். சிரிப்பான் பறவைகளில் அகத்தியமலைப் பக்கத்துக்கு என்றே ஓர் இனம் இருக்கிறது. அதனால் இந்த ஆய்வில் பாலக்காட்டுக்குத் தெற்கே எல்லாவற்றையும் "தெற்கு" என்று ஒரே பெட்டியில் போடாதீர்கள்.

என் கருத்து, தெற்குதான் தாய்வீடு. ஜோஷியும் கரந்தும் 2013-இல் பூரான்களை வைத்து எழுதியதைப் படித்திருக்கிறேன். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பரவியபோது தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலைதான் அடைக்கலம் கொடுத்தது என்கிறது அந்த ஆய்வு. உங்கள் வண்டும் தெற்கிலிருந்துதான் வடக்கே போயிருக்கும்.

#13 மரபணுமேசை (கோவை)

புளியரை அண்ணா, அகத்தியமலை பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன், அங்கிருந்து மாதிரி இல்லாமல் இந்த ஆய்வு அரைகுறை. ஆனால் தாய்வீடு என்று இப்போதே சொல்வதை ஏற்க முடியவில்லை. பூரான் கதை கோடிக்கணக்கான ஆண்டுக் கணக்கு, பல இனங்கள் அடங்கிய குலங்களின் வரலாறு. நம் வண்டில் கேட்பது ஓர் இனத்துக்குள், அல்லது இரண்டு நெருங்கிய இனங்களுக்குள், சில லட்சம் அல்லது சில பத்து லட்சம் ஆண்டில் நடந்தது. குலம் தெற்கில் தோன்றியிருக்கலாம், அதில் ஓர் இனம் வடக்கே போய், வெகுகாலம் கழித்துத் தெற்கே திரும்பியும் வந்திருக்கலாம். இரண்டுக்கும் முரண்பாடே இல்லை.

வகைகள் அதிகம் உள்ள இடம் என்று பாதியில் விட்டதையும் முடிக்கிறேன். பல இடத்திலிருந்து வந்தவை ஓரிடத்தில் கலந்தாலும் அங்கே வகைகள் கூடித்தான் தெரியும். மக்காச்சோள வேர்வண்டு ஐரோப்பாவில் முதலில் 1992-இல் பெல்கிரேடுக்குப் பக்கத்தில் தென்பட்டது. அங்கிருந்துதான் எல்லா நாட்டுக்கும் பரவியது என்று நினைத்தார்கள். 2005-இல் மரபணு பார்த்தபோது வட அமெரிக்காவிலிருந்து குறைந்தது மூன்று தடவை தனித்தனியாகக் கடல் கடந்திருக்கிறது என்று தெரிந்தது. ஆசியப் பொறிவண்டில் இன்னும் விசித்திரம். ஐரோப்பாவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் பரவியதில் முக்கியப் பங்கு ஆசியாவுக்கு நேராக இல்லை, ஏற்கனவே அது குடியேறிய கிழக்கு வட அமெரிக்காவுக்கு. லொம்பேர் குழு 2010-இல் காட்டியது இது. நேற்று நடந்த இடமாற்றத்துக்கே இத்தனை பாதைகளையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது.

#14 புளியரை (செங்கோட்டை)

தம்பி சொல்வது புரிகிறது. இருந்தாலும் ஈரம் அறுபடாமல் நின்ற இடத்தில்தான் பழைய கிளை இருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. மாதிரி எடுத்துப் பார்ப்போம். அகத்தியமலை அடிவாரத்தில் எங்கள் சொந்தக்காரர் கிராம்புத் தோட்டம் இருக்கிறது. அங்கே தேடிப் பார்க்கிறேன்.

இலங்கையையும் சேர்க்கலாமா? பனியுகத்தில் கடல் இறங்கி நிலம் ஒட்டியிருந்ததே.

#15 மரபணுமேசை (கோவை)

சேர்த்தால் நல்லது. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே, பாக் நீரிணை தரையாகவே இருந்தது. ஆனால் பொசுயிட் முதலானோர் 2004-இல் தவளை, நண்டு, மீன் என்று பலவற்றைப் பார்த்தபோது, நிலம் ஒட்டியிருந்தும் இலங்கைக் கிளைகள் பெரும்பாலும் தனியாகவே நின்றன. தரை இருந்தது, ஈரக்காடு இல்லாமல் இருந்திருக்கலாம். பாலக்காட்டில் கருங்கல் சார் சொன்னதும் இதேதான்.

#16 பூச்சிப்பெட்டி (சித்தூர்)

தேடப் போகிறவர்கள் எல்லோருக்கும். பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் அனுமதி இல்லாமல் ஒரு பூச்சியையும் எடுக்கக் கூடாது. கேரளப் பக்கத்துக்குக் கேரள வனத்துறை, தமிழ்நாட்டுப் பக்கத்துக்குத் தமிழ்நாட்டு வனத்துறை, தனித்தனி விண்ணப்பம். கல்லூரி அல்லது ஆய்வு நிறுவனம் வழியாகப் போனால்தான் நடக்கும். மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி யாராவது ஆசை காட்டினால், சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் அசையாதீர்கள்.

சொந்தத் தோட்டத்தில் கிடைப்பதை ஃபார்மலினில் போடவே வேண்டாம், டிஎன்ஏ கெட்டுவிடும். 95 சதவீதத்துக்கு மேல் எத்தனால், சின்னக் குப்பி, ஒரு குப்பிக்கு ஒரு வண்டு. பென்சிலால் எழுதிய சீட்டு குப்பிக்கு உள்ளே: இடம், உயரம், தேதி, எதன் அடியில் கிடைத்தது, எடுத்தவர் பெயர். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். ஒரு கால் மட்டும் டிஎன்ஏ-க்குப் போதும், உடம்பை முழுதாக வைத்திருங்கள். ஆணின் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை நானே பிரித்துப் பார்த்து வரைந்து தருகிறேன். வண்டுகளில் இனம் பிரிக்க அதைவிட நம்பகமான உடல் அடையாளம் குறைவு.

#17 சோலைநடை (கொழிஞ்சாம்பாறை)

டீச்சர், கைலென்ஸில் எண்ணிவிட்டேன். இரண்டு இடத்து வண்டுக்கும் 5-5-4. உணர்கொம்பின் அடி கண்ணுக்கு முன்னால் ஒரு விளிம்புக்குள் மறைந்திருக்கிறது. மாதிரிகள் உலர்ந்தவை, எத்தனாலில் இல்லை. பயன்படுமா?

#18 பூச்சிப்பெட்டி (சித்தூர்)

அப்படியானால் டெனிப்ரியானிட் என்றே வைத்துக்கொண்டு தொடங்கலாம். நல்ல செய்தி. ஏஜியன் தீவுகளில் கணக்கிட்ட அந்த 3.54 சதவீத வேகம் இதே குடும்பத்து வண்டுகளிலிருந்து வந்தது. வேறு குடும்பத்தின் வேகத்தைக் கடன் வாங்கும் சிக்கல் உங்களுக்குக் குறைவு. ஆனாலும் இரண்டு வேகத்திலும் கணக்கிட்டு இரண்டையும் எழுத வேண்டும்.

உலர்ந்ததும் பயன்படும், அருங்காட்சியக வண்டுகளிலிருந்தே டிஎன்ஏ எடுக்கிறார்கள். ஈரம் படாமல் காகித மடிப்பில் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு மூடுங்கள். ஞாயிறு காலை சித்தூருக்குக் கொண்டு வாருங்கள், தோள் அளவை இரண்டிலும் சேர்ந்தே எடுப்போம். மரபணுமேசை தம்பி, உங்கள் துறையில் அனுமதி விண்ணப்பத்துக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள்.

#19 மரபணுமேசை (கோவை)

கேட்டுவிட்டேன் டீச்சர், எங்கள் வழிகாட்டிக்கு விருப்பம் இருக்கிறது. முதல் சுற்றுக்குத் தனியார் தோட்டங்கள் மட்டும்: அட்டப்பாடி, வயநாடு, நெல்லியாம்பதி, வால்பாறை, அகத்தியமலை அடிவாரம். வனத்துறை விண்ணப்பங்களை இரண்டு மாநிலத்துக்கும் தயார் செய்கிறோம். வால்பாறையில் தேயிலை, காபித் தோட்டத்தில் தெரிந்தவர் இருந்தால் இங்கேயே சொல்லுங்கள், அந்த ஒரு இடம்தான் இன்னும் காலியாக இருக்கிறது.

#20 தென்னந்தோப்பு (கோபாலபுரம்)

வால்பாறையில் என் சகலை காபித் தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கிறாருங்க. அவரிடம் பேசிவிட்டேன், முதலாளியிடம் அனுமதி வாங்கித் தருகிறேன் என்றார். எத்தனால் குப்பியும் சீட்டும் எப்படி அனுப்புவது என்று தம்பி சொன்னால் போதும்.